புதிய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்களின் தரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கான துப்பாக்கிப் பருவம் நவம்பர் கடைசியில், நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே, எங்கள் சுடுபயிற்சிக் களத்துக்கு வரும் நண்பர்கள், குறிப்பாக முதல் துப்பாக்கி வாங்கப்போகும் நம்மூர்க்காரர்கள், என்னிடம் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

லீவர் ஆக்‌ஷன் என்றால் என்ன? இந்தக் காலத்தில் அதை ஏன் வாங்குகிறார்கள்?

விசைக்காப்போடு சேர்ந்த ஒரு நெம்புகோலைக் கீழே இறக்கி மேலே ஏற்றினால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே போய், அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிவிடும். இதுதான் லீவர் ஆக்‌ஷன். குழலுக்கு அடியிலேயே ஓடும் ஒரு குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். 1860-இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி காப்புரிமை பெற்ற ரைஃபிளிலிருந்து இந்தக் குடும்பம் வளர்ந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 அதன் மிகப் பெரிய பிள்ளை. 2006 வரை 70 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது.

பென்சில்வேனியாவில் மான் போன்ற பெரிய விலங்குகளைத் அரைத் தானியங்கி ரைஃபிளால் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) வேட்டையாட அனுமதி இல்லை. இங்குள்ள காடுகள் அடர்த்தியானவை. நூறு கஜத்துக்கு உள்ளேதான் பெரும்பாலும் மான் கண்ணில் படும். மெலிதாக, தட்டையாக, தோளிலிருந்து இறக்காமலேயே இரண்டாவது தோட்டா தயாராகும் இந்தத் துப்பாக்கி இங்கே இன்னும் வழக்கத்தில் இருப்பதற்கு இவையே போதுமான காரணங்கள்.

"பழையதுதான் நல்லது, புதுசெல்லாம் மோசம்" என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. தரம் ஒரே சரிவாக நூறு ஆண்டுகள் இறங்கி வரவில்லை. இரண்டு முறை சட்டென்று விழுந்தது: 1964-இல் வின்செஸ்டரில் ஒருமுறை, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மார்லின் என்ற இன்னொரு துப்பாக்கி நிறுவனத்தில் ஒருமுறை. இரண்டுக்கும் பிறகு ஓரளவோ முழுதாகவோ மீட்சியும் இருந்தது. ஆகவே "புதுசு" என்ற ஒரே சொல்லுக்குள் 2011-இல் செய்ததையும் 2023-இல் செய்ததையும் அடைப்பது நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று நம் கைக்கு வரும் 1950-களின் துப்பாக்கிகள் தப்பிப் பிழைத்தவை. அந்தக் காலத்திலேயே சரியில்லாமல் போனவற்றை யாரும் பேரனுக்காக எடுத்து வைக்கவில்லை. என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் 1950-களின் வின்செஸ்டரை ஒருமுறை முழுதாகக் கழற்றித் துடைத்துக் கொடுத்தேன். வெளியே கண்ணாடி போல இருந்த ரிசீவரின் (இயங்கும் பாகங்களைத் தாங்கும் நடு உலோக உடல்) உட்பக்கத்தில் வெட்டுக்கருவியின் தடங்களும் அரத்தின் கோடுகளும் அப்படியே இருந்தன. ஆனால் ஒரு பாகம் இன்னொன்றின்மேல் உரசும் இடங்களில் மட்டும் யாரோ உட்கார்ந்து பிசிறு எடுத்திருக்கிறார். அந்த யாரோ ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பக்கம் முழுவதும் பேசப்போகிறேன்.

1964-இல் அப்படி என்னதான் நடந்தது?

வின்செஸ்டர் 1931-இலிருந்து ஆலின் குடும்பத்தின் நிறுவனத்தின் கையில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூலி ஏறிக்கொண்டே போனது. ஆனால் 94-இன் (வின்செஸ்டர் 1894-ஐச் சுருக்கமாக இப்படித்தான் சொல்வார்கள்) வடிவமைப்போ பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு உரியது. கெட்டியான எஃகுத் துண்டிலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் பல கட்டமாகக் கடைந்து, கடைசியில் கையால் பொருத்த வேண்டியிருந்தது. விலையை ஏற்ற முடியாத நிர்வாகம், 1964-இல் தன் துப்பாக்கிகளைக் குறைந்த செலவில் செய்யும்படி மாற்றி வடிவமைத்தது.

94-இல் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரிந்தது. தோட்டாவை மேலே தூக்கித் தரும் கேரியர், அதுவரை கடைந்தெடுத்த கெட்டித் துண்டாக இருந்தது, தகட்டிலிருந்து அழுத்தி எடுத்ததாக மாறியது. கெட்டி ஊசிகளின் இடத்தில் உள்ளீடற்ற சுருள் ஊசிகள் வந்தன. ரிசீவரின் உலோகமும் மாறியது. வழக்கமான நீலமெருகு (எஃகுக்குக் கருநீல நிறம் தரும் மெருகு) அதில் பிடிக்காததால் மேலே இரும்புப் பூச்சு ஏற்றி அதன்பின் மெருகிட்டார்கள். அந்தக் காலத் துப்பாக்கியை இன்று மறுமெருகுக்குக் கொடுத்தால் பல கன்ஸ்மித்துகள் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்கள்) தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

வாடிக்கையாளர்கள் உடனே கண்டுகொண்டார்கள். "64-க்கு முந்தையது" என்பது அன்றிலிருந்து இன்றுவரை ஒரு தனி விலைப்பட்டியலாகவே நிற்கிறது. ஆனாலும் அந்த மாறிய துப்பாக்கிகள் ஏராளமான மான்களை வீழ்த்தியிருக்கின்றன. அவை சுட்டன, தாங்கின. கையில் எடுத்தபோது மட்டும் முன்பிருந்த கனிவு இல்லை. பிற்காலத்தில் கேரியர் உட்படப் பல பாகங்களை நிறுவனமே திரும்பத் திருத்தியது.

மார்லினை ரெமிங்டன் வாங்கியதும் தரம் ஏன் விழுந்தது? மிஷின்கள் எல்லாம் அதே மிஷின்கள்தானே?

இந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஜான் மார்லின் 1870-இல் கனெக்டிகட்டில் தொடங்கிய நிறுவனம், 1948-இல் வந்த 336 என்ற ரைஃபிளால் வீடுதோறும் அறிமுகமானது. 2007 டிசம்பரில் இன்னொரு துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டன் அதை வாங்குவதாக அறிவித்தது. 2010 மார்ச்சில் நார்த் ஹேவன் தொழிற்சாலையை மூடப்போவதாகச் சொன்னார்கள். அங்கிருந்த 265 பேரின் வேலை போனது. மிஷின்கள் லாரியில் ஏறி நியூயார்க் மாநிலத்தின் இலியனுக்குப் போயின. அவற்றை இயக்கியவர்கள் போகவில்லை.

பல பத்தாண்டுகள் ஓடித் தேய்ந்த மிஷின் வரைபடத்தில் உள்ள அளவுக்கு வெட்டாது. ஆனால் அதனருகே இருபது வருடம் நின்றவருக்கு அது எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கும் என்று தெரியும். அதற்கேற்பத் துண்டைச் சற்று நகர்த்திப் பிடிப்பார். அடுத்த மேசையில் இருப்பவருக்கு, வருகிற பாகத்தில் எந்த விளிம்பை இரண்டு இழுப்பு இழைத்தால் லீவர் தடங்காமல் இறங்கும் என்று தெரியும். இவை எதுவும் வரைபடத்தில் ஏறவில்லை. ஏற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. புதிய ஊரில், புதிய ஆட்கள், அதே மிஷினில், வரைபடத்தை மட்டும் நம்பிச் செய்தபோது வந்ததுதான் அந்த ஆண்டுகளின் மார்லின். குறி (குழலின்மேல் குறிபார்க்க வைத்திருக்கும் முளை) கோணல், மரக்கட்டைக்கும் உலோகத்துக்கும் இடையே இடைவெளி, கூர்மையான விளிம்புகள், நடுவழியில் சிக்கும் தோட்டா. இரண்டு பெயர்களையும் சேர்த்து "ரெம்லின்" என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் அதற்கு ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

இலியனில் இருந்த தொழிலாளர்கள்மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. தங்களுக்கு யாரும் கற்றுத்தராத வேலையை, தாங்கள் அறியாத மிஷினில் செய்யச் சொல்லப்பட்டவர்கள் அவர்கள். பின்னர் புதிய கணினி மிஷின்கள் வந்து, வரைபடங்களும் சீராக்கப்பட்டபோது, அதே இலியனிலிருந்து அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் நல்ல துப்பாக்கிகளும் வந்தன. இதை ரெம்லினைத் திட்டுபவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

முன்குறி கொஞ்சம் கோணலாக இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? பின்குறியை நகர்த்திச் சரிசெய்ய முடியாதா?

ஒரு தூரத்துக்குச் சரிசெய்யலாம். எல்லாத் தூரத்துக்கும் முடியாது. குழலை ரிசீவருக்குள் மரையில் முறுக்கும்போது, மரை இறுகி நிற்கும் இடமும் குழலின் மேற்பக்கம் நேராக வரும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ முறுக்கி விட்டுவிட்டால், குழலின்மேல் உள்ள குறி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கீழே தோட்டாக்கள் இருக்கும் மேகசின் குழாயும் எதிர்ப்பக்கம் விலகும். ஐம்பது கஜத்தில் பின்குறியைத் தட்டி நேராக்கினால் நூறு கஜத்தில் மறுபடி விலகும்.

நான் வாங்கிய ஒரு புதிய ரைஃபிளில் இதை நேரிலேயே பார்த்தேன். கடை வெளிச்சத்தில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மேசையில் ஊன்றி, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது, ரிசீவரின் தட்டையான மேற்பகுதி நேராக இருக்க, முன்குறி வலப்பக்கம் தலை சாய்த்திருந்தது. பின்குறியும் வலக்கோடிக்குத் தள்ளப்பட்டிருந்தது. அதாவது தொழிற்சாலையில் யாரோ அதைச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள், கோணலைக் கண்டிருக்கிறார்கள், குழலைத் திருத்தாமல் பின்குறியைத் தட்டி அனுப்பியிருக்கிறார்கள். தவறு நேர்ந்ததைவிட, தெரிந்தே அனுப்பியதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

வார்ப்பு, எம்.ஐ.எம். பாகங்கள் என்றாலே மட்டமா?

இல்லை. எம்.ஐ.எம். என்பது, உலோகத்தூளைப் பிசினோடு பிசைந்து அச்சுக்குள் செலுத்தி, பிசினை நீக்கி, உலையில் சுட்டுக் கெட்டியாக்கும் முறை. சுடும்போது பாகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும்; அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு அச்சு செய்யப்பட்டிருந்தால், வெளியே வரும் பாகம் துல்லியமாகவே இருக்கும். சுத்தியல், விசை போன்றவற்றுக்கு அது போதும். வார்ப்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்: ரூகர் நிறுவனம் பல பத்தாண்டுகளாக நுண்வார்ப்பில் துப்பாக்கி செய்து, அதன் உறுதிக்குப் பெயர் வாங்கியிருக்கிறது.

சிக்கல் வேறிடத்தில் வருகிறது. கெட்டி எஃகைக் கடைந்து செய்த பாகத்தைக் கன்ஸ்மித் இழைத்துப் பொருத்தலாம். எம்.ஐ.எம். பாகத்தில் சில சமயம் மேற்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டிருக்கும். அதை இழைத்துவிட்டால் உள்ளே மென்மை. எனவே அது அச்சிலிருந்தே சரியாக வந்தாக வேண்டும். திருத்த இடம் கொடுக்காத பாகத்தைச் சோதிக்காமல் பூட்டுகிற தொழிற்சாலையில்தான் அது மட்டமாகிறது.

கணினி மிஷின் இவ்வளவு துல்லியமாக வெட்டும்போது கைவேலை இன்னும் எதற்கு?

வெட்டுவதற்குத் தேவையில்லை, வெட்டியதைப் பார்ப்பதற்குத் தேவை. மிஷின் அளவைச் சரியாக எடுக்கும். ஆனால் வெட்டு முடியும் விளிம்பில் மயிரிழையாக நிற்கும் பிசிறை எடுப்பதும், லீவரை ஐம்பது முறை இயக்கி எங்கே தடங்குகிறது என்று விரலால் உணர்வதும், மெருகுக்கு முன் மேற்பரப்பைப் படிப்படியாக மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பதும் மனித நேரம். அந்த நேரத்துக்குத்தான் விலை. புதிய துப்பாக்கியில் முதலில் குறைக்கப்படுவதும் அதுவே.

கட்டையும் மெருகும் வெறும் அழகுதானே? அதற்காக ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

அழகும்தான், ஆனால் அதோடு முடியவில்லை. பின்கட்டை ரிசீவரின் பின்புறத்தில் முழுதாகப் படிந்து உட்கார்ந்திருந்தால், சுடும்போது வரும் பின்னுதைப்பு பரப்பு முழுவதும் பரவும். ஒரு மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், .45-70 போன்ற கனத்த தோட்டாவுக்கு அந்த மூலையிலிருந்து மரம் விரியத் தொடங்கும். இடைவெளி வழியே மழைநீர் போய் உள்ளே தங்கினால் துரு. வால்நட் மரமா, சாயம் ஏற்றிய பிர்ச் மரமா என்பது இரண்டாம் பட்சம். நன்றாகப் பொருத்திய பிர்ச், மோசமாகப் பொருத்திய வால்நட்டைவிட மேல்.

நீலமெருகு, ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் கார உப்புக் கரைசலில் எஃகை முக்கி எடுப்பது. கரைசல் எதையும் மறைக்காது. அடியில் உள்ள கீறல் எல்லாம் அப்படியே தெரியும். பழைய துப்பாக்கியின் ஆழ்ந்த கருநீலம் கரைசலால் வந்ததன்று; அதற்கு முன்பு தேய்த்துச் செலவிட்ட மணிநேரங்களால் வந்தது. இன்று மங்கலான மேற்பரப்பு பரவலாக இருப்பதற்கு ஒரு காரணம், மணல் தூவிச் சொரசொரப்பாக்கிய பரப்பில் கீறல் தெரியாது என்பதே.

ஜப்பானிலும் இத்தாலியிலும் செய்தவை அசல் இல்லை என்று ஒதுக்கிவிடலாமா?

ஒதுக்கினால் இழப்பு உங்களுக்கு. வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலை 2006 மார்ச்சில் மூடப்பட்டது. 2010-இலிருந்து வந்த வின்செஸ்டர் 94-களை ஜப்பானின் கோச்சி மாகாணத்தில் மிரோகு நிறுவனம் செய்கிறது. கட்டை பொருந்தியிருக்கும் விதத்திலும் மெருகிலும், நியூ ஹேவனின் கடைசிக் காலத் துப்பாக்கிகள் பலவற்றைவிட அவை மேலானவை என்பது என் முடிவு. பின்பக்கம் வைத்த புதிய பாதுகாப்புப் பொத்தானையும், தானாகப் பின்வாங்கும் சுத்தியலையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது வடிவமைப்பைப் பற்றிய புகார். செய்நேர்த்தியைப் பற்றியது அன்று. இத்தாலியின் உபெர்ட்டி செய்யும் 1873 மாதிரிகளையும் அப்படியே கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறுபவர்களுக்கு ஒரு குறிப்பு: இன்றைய ஹென்றி நிறுவனம் 1996-இல் புரூக்ளினில் தொடங்கப்பட்டது. 1860-இன் ஹென்றிக்கும் அதற்கும் பெயர் மட்டுமே பொது.

மார்லின் ரூகர் கைக்குப் போன பிறகு எப்படி?

ரெமிங்டன் 2020-இல் இரண்டாம் முறை திவாலானபோது, மார்லினை ரூகர் சுமார் 28 மில்லியன் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. உடனே துப்பாக்கியை விற்கத் தொடங்கவில்லை. ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு, வட கரோலினாவின் மேயோடனில் பாகங்களைச் சீரமைத்து, 2021 டிசம்பரில்தான் 1895 என்ற மாதிரியின் முதல் துப்பாக்கியை அனுப்பியது. 336 வருவதற்கு 2023 ஆனது. என் கைக்கு வந்தவற்றில் குறி நேராக இருந்தது, லீவர் வழுக்கிக்கொண்டு இறங்கியது, விளிம்புகள் விரலைக் கிழிக்கவில்லை. ரெமிங்டன் காலத்தில் விடுபட்டது எது என்பதை இந்த ஓராண்டுக் காத்திருப்பே காட்டிவிடுகிறது.

"ஜே.எம்." முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். ஜான் மார்லினின் முதலெழுத்துகளான அந்த முத்திரை, குழலின் இடப்பக்கம் ரிசீவருக்கு அருகே இருக்கும். அது நார்த் ஹேவன் காலத்துக் குழல் என்பதை மட்டும் சொல்லும். தொழிற்சாலை மாறிய நாட்களில் மிச்சமிருந்த பழைய குழல்களைப் போட்டுப் பூட்டிய துப்பாக்கிகளும் உண்டு. ஆகவே வரிசை எண்ணையும் பாருங்கள். 1973-இலிருந்து நார்த் ஹேவன் துப்பாக்கிகளில், எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை 100-இலிருந்து கழித்தால் ஆண்டு கிடைக்கும்: 24 என்று தொடங்கினால் 1976, 94 என்று தொடங்கினால் 2006. "எம்.ஆர்." என்று தொடங்குவது ரெமிங்டன் காலத்தது, "ஆர்.எம்." என்று தொடங்குவது ரூகர் செய்தது. இந்த இரண்டும் இடம் மாறிய எழுத்துகள் என்பதால், அவசரத்தில் குழம்பிவிடாதீர்கள்.

நார்த் ஹேவனின் கடைசி ஒன்றிரண்டு ஆண்டுகளில், வேலை போகப்போகிறது என்று தெரிந்த மேசைகளிலிருந்தும் துப்பாக்கிகள் வந்தன என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கடையில் பத்து நிமிடம்தான் கிடைக்கும். எதையெல்லாம் பார்ப்பது?

முதலில் உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கடைக்காரரோடு சேர்ந்து உறுதிசெய்யுங்கள். பிறகு பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் குறிகளைப் பாருங்கள். பின்குறி நடுவில் இல்லாமல் ஒரு கோடியில் இருந்தால், முன்பு சொன்ன கதைதான். கட்டை ரிசீவரைச் சந்திக்கும் கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தோட்டா நுழைக்கும் பக்கக் கதவைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெட்டினால் அங்கே யாரும் பிசிறு எடுக்கவில்லை என்று பொருள், அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத உட்புறத்திலும் எடுத்திருக்க மாட்டார்கள்.

லீவரை மெதுவாக ஒருமுறை, விறுவிறுப்பாக ஒருமுறை இயக்குங்கள். நான் குறிப்பிட்ட பெரியவரின் வின்செஸ்டரில் இரண்டு விரலால் இறக்கலாம். போல்ட் (குழலின் பின்வாயை அடைக்கும் உலோகத் துண்டு) பின்னே வந்து சுத்தியலை மடக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிறு கனம் தெரியும். புதியதில் கொஞ்சம் இறுக்கம் இருப்பது இயல்பு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கரகரத்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். கடைக்காரர் அனுமதித்தால் வெடிமருந்தற்ற போலித் தோட்டாக்களைப் போட்டு ஏற்றி இறக்கிப் பார்ப்பது மிகச் சிறந்தது. இணையத்தில் பார்த்து வாங்கினாலும் உரிமம் பெற்ற உள்ளூர்க் கடைக்குத்தான் துப்பாக்கி வரும். படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இவ்வளவையும் பார்த்துவிடுங்கள்.

நடுவில் லீவர் அப்படியே பூட்டிக்கொள்கிறது. இது புதுத் துப்பாக்கியின் குறைதானே?

மார்லின் வகைகளில் இது பழையதிலும் உண்டு. இதற்கு "மார்லின் ஜாம்" என்றே பெயர். லீவரின் உள்முனை கேரியரின் அடிப்பகுதியில் உரசி அதைத் தூக்குகிறது. அந்த முனையின் விளிம்பு கூராக விடப்பட்டிருந்தால், நாளடைவில் கேரியரில் ஒரு வெட்டுத்தடம் விழும். கேரியர் எழும் நேரம் பிசகும், குழாயிலிருந்து வரும் அடுத்த தோட்டாவின் விளிம்பு இடையில் புகும், எல்லாம் இறுகிவிடும். புதியதாக இருக்கும்போதே அந்த விளிம்பை எண்ணெய்க்கல்லால் இலேசாக மழுக்கிவிட்டால் பல்லாண்டு வராது. தொழிற்சாலையில் சில நொடி வேலை. வெட்டுத்தடம் ஏற்கெனவே விழுந்திருந்தால், கன்ஸ்மித் அங்கே ஒரு துண்டைப் பதித்துச் சரிசெய்வார். குழலில் தோட்டா இருக்கும்போது லீவரை வலுவாக நெம்பாதீர்கள். முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு, பழகியவரை அழையுங்கள்.

குறையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தொழிற்சாலைக்கு அனுப்புவதா, கன்ஸ்மித்திடம் கொடுப்பதா?

குழல் கோணல், கட்டையில் விரிசல், தோட்டாக்கூடு பிளப்பது போன்ற பெரிய குறை என்றால் தொழிற்சாலைக்கே அனுப்புங்கள். நீங்களாக இழைத்துவிட்டால் உத்தரவாதம் பேச முடியாது. பழுது பார்த்ததை நிறுவனம் நேராக உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. அனுப்பும் முன் குறையைப் படமெடுத்து, இலக்கிலே சுட்ட தாளையும் உடன் வையுங்கள். பிசிறு, கூர்விளிம்பு, விசையின் சொரசொரப்பு போன்றவற்றுக்கு நல்ல கன்ஸ்மித் போதும்.

என் கோணல் ரைஃபிள் முதல் முறை "அளவுகளுக்குள் உள்ளது" என்ற சீட்டோடு திரும்பி வந்தது. பின்னாலிருந்து எடுத்த படத்தில் ரிசீவரின் தட்டையையும் முன்குறியையும் ஒட்டி இரண்டு கோடுகள் வரைந்து மறுபடி அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து, வேறு குழலோடு வந்தது. பின்குறி சரியாக நடுவில் இருக்கிறது. அந்த நவம்பரில் அதைத்தான் எடுத்துப் போனேன்.